ஈயின் நேரம், இருவாச்சியின் நேரம்

பெங்களூரு

அன்புள்ள நிலா,

உன் கடிதம் கிடைத்தது. ஐசர் கல்வி நிறுவனத்தில் முதல் இரண்டு வருடம் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் எல்லாவற்றையும் படிக்க வைத்துவிட்டு, இப்போது உயிரியலுக்குள்ளேயே எது என்று கேட்டால் தலை சுற்றத்தான் செய்யும்.

“எதுக்கு ஸ்கோப்?” என்று உங்கப்பா கேட்டிருப்பார். கேட்பதில் தப்பில்லை. ஆனால் பத்து வருடம் கழித்து எதற்கு ஸ்கோப் இருக்கும் என்பது ஜோசியம். நான் கேட்பது வேறு: எந்த உயிரோடு, எந்த வேகத்தில் பொழுதைக் கழிக்க உனக்குப் பிடிக்கும்?

ஈ.கோலை பாக்டீரியா நல்ல ஊட்டம் கிடைத்தால் 20 நிமிடத்தில் இரண்டாகும். மாலையில் தட்டில் பரப்பினால் காலையில் பார்க்கலாம். மரபியலுக்காக நான் வளர்க்கும் பழ ஈக்கள் 25 டிகிரியில் முட்டையிலிருந்து ஈயாக 10 நாள். கேட்க சுகமாக இருக்கிறதா? கலப்புக்கு இணைசேராத பெண் ஈக்கள்தான் வேண்டும். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த 8 மணி நேரத்துக்குள் பிரித்தாக வேண்டும். ஈக்கு ஞாயிறும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. (பாட்டி இன்னமும் சொல்லிக்காட்டுகிறாள்.)

சூழலியலில் நேரம் உன் கையில் இல்லவே இல்லை. ஆனைமலையில் இருவாச்சி வருடத்துக்கு ஒரு தடவைதான் கூடு வைக்கும். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை ஒரு கீற்று மட்டும் விட்டு அடைத்துக்கொள்ளும். ஆண் பழம் கொண்டுவந்து ஊட்டும். அந்த மாதங்களைக் கோட்டைவிட்டால் அடுத்த வருடம்தான். மரத்தைப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்கார ஒரு குணம் வேண்டும். அட்டைக்கடி தனி. கணக்குக்குப் பயந்து காட்டுக்குப் போகிறவர்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது. புள்ளியியல் அங்கேதான் கழுத்தைப் பிடிக்கும். எதை எடுத்தாலும் அந்த ஒரு பாடத்தை விட்டுவிடாதே.

போன தடவை வந்தபோது, சாப்பிடக் கூப்பிட்டும் நுண்ணோக்கியை விட்டு எழாதவள் நீ. மரபியல் பக்கம் போவாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் இப்போதே தாலி கட்டிவிடாதே. மூன்றாம் வருடத்தில் இரண்டு பக்கமும் பாடம் எடு. ஐந்தாம் வருட ஆய்வுத் திட்டத்துக்குள் தெளிவு வந்தால் போதும்.

விடுமுறையில் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் போய் இரு. பேராசிரியரிடம் கேட்காதே, அவரவருக்கு அவரவர் துறைதான் உசத்தி. பிஎச்.டி. மாணவர்களிடம், இந்த வேலையில் எது ரொம்பச் சலிப்பு என்று கேள். அந்தச் சலிப்பை உன்னால் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று பார்.

இங்கே வருவதானால் முன்னாடியே சொல்லு, எங்கள் ஆய்வகத்தில் அனுமதி வாங்க வேண்டும். அக்காவிடம் பருப்புப்பொடி கொடுத்தனுப்பச் சொல்.

அன்புடன்,
சித்தி