வைத்தியம் யாருக்கு?

"சேரிப் புள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். பி.எட். வகுப்பில் இரண்டிரண்டு பேராக ஒரு உளவியல் சோதனையை விளக்கச் சொன்னபோது, கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் 2003இல் உத்தரப்பிரதேசத்தில் நடத்தியதை எடுத்துக்கொண்டோம்.

ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்கள் 642 பேர். பாதி 'உயர்'சாதி, பாதி சமார். தாளில் உள்ள புதிர்ப்பாதைக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். சாதியைச் சொல்லாத குழுக்களில் இரு தரப்பும் சமமாகவே போட்டார்கள். பேர், ஊர், அப்பன் பேர், சாதி என எல்லார் முன்னாலும் வாசித்த குழுக்களில் சமார் பையன்கள் பின்தங்கினார்கள்.

என்னோடு சேர்ந்து விளக்க வந்தவர் ஊர்த்தெருக்காரர். "பாவங்க, பசங்களுக்குத் தன்னம்பிக்கை இல்ல. கவுன்சிலிங் குடுக்கணும்னு முடிச்சிரலாம்" என்றார்.

"சாதியச் சொல்லாத எடத்துல சமமாப் போட்டாங்களே, அங்க மட்டும் தன்னம்பிக்கை எங்கருந்து வந்துச்சு? வைத்தியம் வாசிச்சவங்களுக்குத்தான் வேணும்" என்றேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தவர், "அப்ப முடிவ நீங்களே சொல்லுங்க" என்றார்.

வகுப்பில் சொன்னேன்: "நான் படிச்சப்ப உதவித்தொகைக்கு 'எஸ்.சி. எல்லாம் எந்திரி'ம்பாங்க. அடுத்த பீரியடு கணக்குப் பரீட்சை. நாளைக்கு அந்த நோட்டு நம்ம கைக்கு வரும். தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க. சத்தம்போட்டு வாசிக்காதீங்க."