கப்பல் படமும் இரண்டு கப்டனும்

பழைய பொருள்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அவை எவ்வளவு காலம் உழைத்தன என்றுதான் புகழ்வார்கள். நான் எழுதப்போவது ஒழுங்காகப் படம் காட்டாத ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றியும், அதில் ஓடிய ஒரு மோசமான விண்வெளித் தொடரைப் பற்றியும்தான். பெட்டியும் பழுது, கதையும் பழுது. ஆனால் அந்த இரண்டு பழுதுகளையும் முன்னால் வைத்துக்கொண்டு எங்கள் ஊரார் செய்த வாதங்களுக்கு ஈடாக, எங்கள் கைகளில் இருக்கும் பளபளப்பான தொலைபேசிகள் எதையும் தந்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979 இல் ஆரம்பமானது. தேசிய ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 ஆம் திகதி தொடங்கியது. அதற்காக நாட்டின் மிக உயர்ந்த இடத்தில், எங்கள் நுவரெலியாவின் தலைக்கு மேலே 2,524 மீற்றர் உயரத்தில் நிற்கும் பீதுருதாலகாலை மலையில், ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தது. நாடெங்கும் படம் அனுப்பிய மலையின் காலடியில் இருந்த தோட்ட லயங்கள் பலவற்றில் அப்போது மின்சாரம் இருக்கவில்லை. வானத்தில் படம் பறந்துகொண்டிருந்தது. கீழே குப்பி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்த இடைவெளியை நிரப்பியது வாகனப் பற்றரி. பன்னிரண்டு வோல்ற் பற்றரி ஒன்றிருந்தால் சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டியை ஓட்டலாம். தீர்ந்ததும் தோளில் வைத்தோ சாக்கில் கட்டியோ கடைத்தெருவுக்குக் கொண்டுவர வேண்டும். நானுஓயாவில் மூத்தாப்பாவின் சில்லறைக் கடையின் ஒரு மூலையில் சார்ஜ் போடும் இயந்திரம் இருந்தது. பருப்பு, சீனி, கருவாடு வாசத்தோடு பற்றரி அமிலத்தின் காரமும் சேர்ந்து மணக்கும் என்று உம்மா சொல்வார். ஒவ்வொரு பற்றரியிலும் சுண்ணாம்பால் ஓர் அடையாளம் இருக்கும். பெயர் எழுதத் தெரியாதவர்கள் ஒரு பூவோ பிறையோ வேலோ கீறி வைப்பார்கள். பற்றரிகள் மாறிப்போனதாகக் கடையில் ஒருநாளும் சண்டை வந்ததில்லையாம்.

சண்டை வந்தது வேறொன்றுக்கு. 1990களின் தொடக்கத்தில் வெள்ளிக்கிழமை இரவுகளில் ஓர் ஆங்கில விண்வெளித் தொடர் ஓடியது. ஆங்கிலத் தலைப்பு யாருடைய நாவிலும் ஒட்டவில்லை. ஊரில் அதற்குக் ‘கப்பல் படம்’ என்றே பெயர். சார்ஜ் ஏறிய பற்றரியை எடுக்க வருகிறவர்கள், கடைக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டு முன்கூடத்தில் இருபது அங்குலப் பெட்டி ஓடுவதைக் கண்டு நின்றுவிடுவார்கள். நின்றவர்கள் பிறகு அமர்ந்தார்கள். கொழுந்து லொறிச் சாரதி ஒருவர், தோட்டப் பாடசாலையில் இருந்து ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர், என் மாமாமார், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். வசனம் முக்கால்வாசி விளங்காது. அதனால் ஆளுக்கொரு கதை உண்டாகும். பெண்கள் குசினிக்கும் கூடத்துக்கும் நடுவில் தொங்கிய திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து பார்ப்பார்கள். அவர்களில் ஒருவர் அப்போது 14 வயதான என் உம்மா.

கப்பல் படத்தில் பிழைகளுக்குப் பஞ்சமே இல்லை. எதிரியின் கப்பல் விண்வெளியில் வெடிக்கும்போது கூடமே அதிரும்படி சத்தம் கேட்கும். காற்று இல்லாத இடத்தில் சத்தம் எப்படி வரும் என்று மாஸ்டர் தொடங்குவார். அப்படியென்றால் கப்டன் மற்றக் கப்பலோடு எப்படிக் கதைக்கிறார் என்று சாரதி மடக்குவார். அது ரேடியோ அலை, அதற்குக் காற்று வேண்டாம் என்பார் மாஸ்டர். சத்தத்துக்கு வேண்டுமாம், ரேடியோவுக்கு வேண்டாமாம், மாஸ்டருக்கு வசதிபோல ஒரு சட்டம் என்று கூடம் சிரிக்கும். ஆனால் அடுத்த நாள் சாரதி லொறியை ஓட்டிக்கொண்டே அதை யோசிப்பார். ஒரு வாரம் கழித்துப் புதிய கேள்வியோடு வருவார். அடுத்த பாகம் வர ஏழு நாள் இருந்தது. வாதத்துக்கு அந்த ஏழு நாளும் வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட தொடர்கள் மோசமாக இருந்ததற்குப் பல சமயம் காசுதான் காரணம். 1966 இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் மனிதர்கள் மின்னி மறைந்து வேறு கிரகத்தில் தோன்றுவார்கள். விண்கப்பல் தரையிறங்குவதை ஒவ்வொரு வாரமும் படமாக்கப் பணம் போதாததால் பிறந்த யோசனை அது. கைச்செலவு இல்லாமல் பிறந்த தந்திரத்தை, மனித உடலை அப்படி அனுப்ப முடியுமா என்று உலகமே பின்னர் வாதிட்டது.

பெரியவர்களின் கற்பனையிலும் பிழை இருந்தது. பிற்காலத்தில் எங்கள் நாட்டில் குடியேறி, 2008 இல் கொழும்பில் காலமான எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1945 இல் ஒரு கட்டுரை எழுதினார். பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்றார். அது அப்படியே பலித்தது. ஆனால் அந்த நிலையங்களில் ஆட்கள் தங்கியிருப்பார்கள் என்றும் அவர் எண்ணினார். அக்காலக் கருவிகள் கண்ணாடி வால்வுகளில் இயங்கியவை. எரிந்துபோகும் வால்வுகளை மாற்ற ஒருவர் வேண்டாமா? டிரான்சிஸ்டர் வந்ததும் ஆளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இதை நான் மூத்தாப்பாவுக்கு வாசித்துக் காட்டியபோது, சூடாக ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளும் தன் பழைய வால்வு ரேடியோவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “அப்ப ஆகாயத்திலயும் ஒரு கட போட்டிருக்கலாம்” என்றார். நோன்பு காலத்தில் வானொலியின் மஃரிப் பாங்கைத் தவறவிடாமல் இருக்க, அந்த ரேடியோவைப் பத்து நிமிடம் முன்னாலேயே போட்டு வைப்பாராம்.

இனி இரண்டு கப்டன் கதை. ஒரு வாரம் கடும் காற்று. அந்த வெள்ளிக்கிழமை கப்டன் கரிய வானத்தின் முன்னால் தனியே நின்றபோது, அவருக்கு வலது பக்கத்தில் இன்னொரு கப்டன் மங்கலாகத் தோன்றினார். முதலாமவர் கையைத் தூக்கினால் இரண்டாமவரும் தூக்கினார். கூடம் எழுந்து நின்றது. கப்டன் இரண்டு உடலாகப் பிரியும் சக்தியைப் பெற்றுவிட்டார் என்றது ஒரு கட்சி. மூத்தாப்பாவும் அதில்தான் இருந்தார். அது கப்டன் இல்லை, அவருடைய உருவத்தைத் திருடிய எதிரி என்றது மாஸ்டர் கட்சி. நிகழ்ச்சி முடிந்தும் வாதம் முடியவில்லை. பற்றரிகளைத் தூக்கிக்கொண்டு வாதித்தபடியே இறங்கிப் போனார்கள்.

கூடம் வெறுமையானதும் தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்க உம்மா உள்ளே வந்தார். பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. செய்தி. செய்தி வாசிப்பவருக்கும் வலது பக்கத்தில் இன்னொருவர் நின்றார். அதே இரண்டு விரல் அகலத்தில். உம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு விரலால் அளந்தும் பார்த்தார். செய்தி வாசிப்பவருக்குச் சக்தி வர நியாயமில்லை. ஆகவே இது கதையில் நடந்ததல்ல, படம் வரும் வழியில் நடந்தது. காற்று ஏரியலைத் திருப்பிவிட்டிருக்க வேண்டும் என்று 14 வயதில் அவர் முடிவுக்கு வந்தார்.

வந்தார், ஆனால் சொல்லவில்லை. அடுத்த வாரம் மாமா ஏரியலைச் சரியாக்கியதும் கப்டன் ஒருவரானார். எதிரி செத்துவிட்டான் என்று மாஸ்டர் கட்சி வெற்றி கொண்டாடியது. திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தவர் பேசாமல் இருந்தார். பிறகு, தமிழில் உயர்தர விஞ்ஞானம் படிப்பதென்றால் வெளியூரில் தங்கவேண்டும் என்ற நிலையில், உம்மா கலைப்பிரிவில் சேர்ந்தார். நன்றாகத்தான் படித்தார். என்றாலும் என் பௌதிகவியல் புத்தகத்தை அவர் சில இரவுகளில் எடுத்துப் புரட்டுவதை நான் கண்டிருக்கிறேன்.

இந்தக் கதையை நான் கேட்டதே சென்ற வருடம், வாப்பா அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கப் பேசி முடித்தபோதுதான். “அத இரிக்க விடுங்க” என்றார் உம்மா. ஏன் என்று கேட்டதற்கு இத்தனையும் வந்தது. நான் பௌதிக விஞ்ஞானப் பிரிவு மாணவி. கதையைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. கணக்குப் போட்டேன்.

எங்கள் நாட்டுப் பழைய தொலைக்காட்சி முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், ஒரு செக்கனுக்கு 25 படங்கள். ஆகவே ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ செக்கன். அதில் திரையில் தெரியும் பகுதி ஏறத்தாழ 52 மைக்ரோ செக்கன். மின்கதிர் இடமிருந்து வலமாகக் கீறுவதால், பிந்தி வரும் அலை வலது பக்கத்தில் ஒரு மங்கல் உருவத்தை வரையும். பெட்டியின் திரை அகலம் 40 சென்ரிமீற்றர். உம்மாவின் இரண்டு விரல் 3 சென்ரிமீற்றர். அப்படியானால் இரண்டாவது கப்டன் ஏறத்தாழ 3.9 மைக்ரோ செக்கன் பிந்தி வந்திருக்கிறார். அலை ஒரு மைக்ரோ செக்கனில் 300 மீற்றர் போகும். ஆகவே அவர் 1,170 மீற்றர் கூடுதலாகப் பயணம் செய்திருக்கிறார். கோபுரத்தில் இருந்து வந்த அலை எங்கள் வீட்டைத் தாண்டிப் போய், ஒரு மலையில் மோதித் திரும்பியிருந்தால், அந்த மலை அதில் பாதித் தூரத்தில், அதாவது 600 மீற்றருக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் தேயிலை ஏறிய பாறைச் சரிவு ஒன்று இருக்கிறது. தொலைபேசி வரைபடத்தில் அளந்தேன். ஏறத்தாழ அதே தூரம். இரண்டாவது கப்டன் வேறு யாருமல்ல, நாங்கள் தினமும் பார்க்கும் அந்தச் சரிவுதான்.

பெருநாளைக்குக் குடும்பம் கூடியிருந்தபோது இதை எல்லார் முன்னிலையிலும் தாளில் கீறி விளக்கினேன். மாமாமார் முதலில் சிரித்தார்கள், பிறகு தாளை வாங்கிப் பார்த்தார்கள். ஒருவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. எண்பது வயதைத் தாண்டிவிட்ட மூத்தாப்பாவுக்குக் காது மந்தம். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. விளங்கியதும் அவர் என்னைப் பார்க்கவில்லை, உம்மாவைப் பார்த்தார்.

“தெரிஞ்சிருந்தா ஏன் மகள் அண்டைக்கே சொல்லல்ல?”

“யாரு வாப்பா என்னட்டக் கேட்ட?”

உம்மா கோபமாகச் சொல்லவில்லை. சம்சாத் தட்டை நகர்த்தியபடி சாதாரணமாகச் சொன்னார். மூத்தாப்பா நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்தக் கப்பல்ட சத்தம் கேட்டதே, அதுக்கு என்ன சொல்ற?” என்று உம்மாவிடமே கேட்டார். அன்று மத்தியானம் வரை இருவரும் வாதித்தார்கள். எங்கள் வீட்டில் நான் கேட்ட மிக அழகான வாதம் அது.

பழைய காலம் பொற்காலம் என்று நான் எழுத வராததற்கு இதுதான் காரணம். அந்தக் கூடத்தில் தோட்டத்தாரும் கடைத்தெருவாரும் ஒரே பாயில் இருந்தார்கள், உண்மை. திரைச்சீலை தொங்கியதும் உண்மை. இன்று எங்கள் வீட்டில் அந்தத் திரைச்சீலை இல்லை. நான் கல்லூரி விவாத அணியில் பேசுகிறேன், வாப்பா வந்து முன்வரிசையில் அமர்ந்து கேட்கிறார். ஆனால் பாயும் இல்லை. தம்பி ஓர் அறையில் ஒரு தொடரை வேகமாக ஓடவிட்டுப் பார்க்கிறான், நான் இன்னொன்றைப் பார்க்கிறேன். பிழை கண்டால் சொல்வதற்குப் பக்கத்தில் ஆளில்லை. சொன்னாலும், “நான் அது பார்க்கல்ல” என்று வாதம் முடிந்துவிடும்.

இங்கிலாந்தில் 1963 இல் தொடங்கிய ‘டொக்டர் ஹூ’ என்ற தொடரின் பழைய பாகங்கள் பலவற்றை, நாடாவை மீண்டும் பாவிப்பதற்காக நிலையத்தாரே அழித்துவிட்டார்கள். ஆனால் அவற்றின் ஒலி இன்றும் இருக்கிறது. வீட்டில் இருந்து பார்த்த ரசிகர்கள் தங்கள் ஒலிப்பதிவுக் கருவிகளில் அதைப் பிடித்து வைத்திருந்தார்கள். நிலையம் தொலைத்ததைப் பார்வையாளர் காப்பாற்றினார்கள். கப்பல் படத்தின் ஒரு துண்டுகூட எங்களிடம் இல்லை. உம்மாவின் இரண்டு விரல் அகலம் மட்டும் முப்பது வருடமாகப் பிழைத்திருக்கிறது.

தோழியரே, ஒரு மோசமான தொடரைத் தேர்ந்தெடுங்கள். நல்ல தொடர் நம்மை வாய் மூடிப் பார்க்க வைக்கும், மோசமானதுதான் பேச வைக்கும். வாரம் ஒரு பாகம் மட்டும், வீட்டார் எல்லாரும் ஒன்றாக இருந்து பாருங்கள். இதை வாசிக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வாதம் சூடேறும்போது, தேநீர்க் கோப்பையோடு அந்தப் பக்கமாகப் போகிறவரிடமும் அவர் கருத்தை ஒரு தடவை கேளுங்கள். விடை ஒருவேளை அவரிடம்தான் இருக்கும்.