டிஜோனில் அப்பாவின் மதிய உணவு

பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். கடுகு விழுதுக்குப் பேர்போன ஊர் டிஜோன். பல் செட் போட்டதிலிருந்து இறைச்சிப் பக்கமே போகாத அப்பாவுக்குக் கடைக்காரம்மா சிபாரிசு செய்தது ‘பெஃப் பூர்கின்யோன்’. அப்பா கையை ஆட்டி மறுத்தார். “கடிக்கவே வேண்டாம்,” என்றார் அந்த அம்மா.

பர்கண்டி வட்டார உணவு இது. கால்சதை, கன்னம் போன்ற முரட்டுத் துண்டுகளே இதற்குப் பொருத்தம். கொழுப்பில்லாத விலையுயர்ந்த இறைச்சி வறண்டுவிடும். (வீட்டில் நான் அதை வாங்கித்தான் ரப்பராக்கினேன்.) சிவக்க வதக்கி, பினோ நுவார் திராட்சையின் சிவப்பு வைனை ஊற்றி, மூன்று மணி நேரம் சிறுதீயில் வைக்கிறார்கள். சதையைப் பிணைத்திருக்கும் நார் கரைந்து குழம்புக்குப் பளபளப்பைத் தருகிறது.

அப்பா கரண்டியால் அழுத்தினார். துண்டு பிரிந்தது. பேசாமல் சாப்பிட்டு, ரொட்டியால் தட்டை வழித்தார்.

“நாளைக்கும் இங்கேயே சாப்பிடலாமா?”