மூன்று மாத வேலைக்கு வந்த டைப்பிஸ்ட்... விஸ்கி ஆலைக்கே முதலாளி ஆனார்! - ஐலா தீவின் லஃப்ராய்க் கதை

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், அட்லாண்டிக் காற்று ஆண்டு முழுக்க அறைந்துகொண்டிருக்கும் ஒரு தீவு ஐலா. மக்கள்தொகை சுமார் 3,000 பேர்தான். சாலையில் எதிரே வரும் கார் யாருடையதாக இருந்தாலும், ஸ்டியரிங்கிலிருந்து கையைத் தூக்கி வணக்கம் சொல்வது இந்தத் தீவுக்காரர்களின் வழக்கம். இவ்வளவு சிறிய ஊரை உலகமே தெரிந்துவைத்திருப்பதற்குக் காரணம், இங்கே தயாராகும் புகை மணக்கும் சிங்கிள் மால்ட் விஸ்கி.

கென்னக்ரெய்க் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் பயணம். தீவின் தெற்கே போர்ட் எல்லன் என்ற சிற்றூர். அங்கிருந்து கிளம்பும் நடைபாதை ஒன்று லஃப்ராய்க், லாகவுலின், ஆர்ட்பெக் என மூன்று புகழ்பெற்ற ஆலைகளை வரிசையாகத் தொட்டுச் செல்கிறது. அதில் முதலாவது, கடலைப் பார்த்தபடி வெள்ளைச் சுவரில் கறுப்பு எழுத்தில் தன் பெயரை எழுதிவைத்திருக்கும் லஃப்ராய்க்.

மாடு வளர்த்தவர்கள் தொடங்கிய ஆலை

டொனால்ட், அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் என்ற இரு சகோதரர்கள் இங்கே மாடு வளர்த்துக்கொண்டிருந்தார்கள். தீவனத்துக்காகப் பயிரிட்ட பார்லியில் விஸ்கியும் காய்ச்சினார்கள். 1815-ல் அது முறையான ஆலையானது. பிற்பாடு சகோதரரின் பங்கையும் வாங்கித் தனி உரிமையாளரான டொனால்டின் முடிவு சோகமானது. 1847-ல், தன் ஆலையின் தொட்டியிலேயே விழுந்து இறந்துபோனார்.

தண்ணீரை அடைத்த பக்கத்து வீட்டுக்காரர்

பக்கத்து ஆலையான லாகவுலினை நடத்தியவர் பீட்டர் மேக்கி. லஃப்ராய்க்கின் விற்பனை உரிமை பல ஆண்டுகள் இவர் கையில் இருந்தது. 1907-ல் அந்த ஒப்பந்தம் முறிந்தது. கோபம் தலைக்கேறிய மேக்கி, லஃப்ராய்க்குக்குச் செல்லும் தண்ணீரையே அடைத்துவிட்டார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. தண்ணீரைத் திறந்துவிடும்படி உத்தரவு வந்தது.

மேக்கி அதோடு விடவில்லை. 1908-ல் தன் வளாகத்துக்குள்ளேயே 'மால்ட் மில்' என்ற புதிய ஆலையைக் கட்டினார். லஃப்ராய்க்கின் கொதிகலன்களைப் போலவே செய்துவைத்தார். அங்கே வேலை பார்த்த ஆட்களையும் இழுத்துக்கொண்டார். ஆனாலும் அந்தச் சுவை மட்டும் வரவே இல்லை. மால்ட் மில் 1962-ல் மூடப்பட்டது. 2012-ல் வெளியான 'தி ஏஞ்சல்ஸ் ஷேர்' திரைப்படத்தின் கதை சுற்றிச்சுற்றி வருவது, இந்த மால்ட் மில்லின் ஒரு பீப்பாயைத்தான்.

வந்தது லீவு வேலைக்கு...

1934-ம் ஆண்டின் கோடைக்காலம். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற பெஸ்ஸி வில்லியம்சன் என்ற இளம்பெண், தற்காலிக டைப்பிஸ்ட்டாக லஃப்ராய்க் அலுவலகத்தில் சேர்ந்தார். மூன்று மாத வேலை என்று சொல்லித்தான் வந்தார். கிட்டத்தட்ட 40 ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார்!

அப்போது ஆலையை நடத்தியவர், ஜான்ஸ்டன் வம்சத்தின் கடைசி உரிமையாளரான இயான் ஹன்ட்டர். மேக்கி விவகாரத்தைக் கண்ட குடும்பம் அல்லவா? தொழில் ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்பதில் மகா கண்டிப்பானவர். அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்த காலத்தில், 'இது மருந்து' என்று சொல்லி லஃப்ராய்க்கை அங்கே அனுப்பியவர் என்றும் இவரைப் பற்றிச் சொல்வார்கள். டிஞ்சர் அயோடின் வாடை அடிப்பதால் அதிகாரிகளும் நம்பிவிட்டார்களாம்!

1938-ல் ஹன்ட்டருக்குப் பக்கவாதம் வந்தது. நிர்வாகம் கொஞ்சம் கொஞ்சமாக பெஸ்ஸியின் கைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவம் ஆலைக் கட்டடங்களை வெடிமருந்துக் கிடங்காகப் பயன்படுத்தியது. அந்தச் சிக்கலான நாள்களில் ஆலையைக் கட்டிக்காத்தவர் பெஸ்ஸி. வாரிசு இல்லாத ஹன்ட்டர் 1954-ல் இறந்தபோது, ஆலையை அவர் பெயருக்கே எழுதிவைத்திருந்தார். 20-ம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் ஒரு பெண் விஸ்கி ஆலைக்கு உரிமையாளராக இருந்து நடத்தியது அரிதிலும் அரிது.

ஆலையைப் புதுப்பிக்கப் பணம் தேவைப்பட்டது. 1960-களில் ஒரு பெரிய நிறுவனத்துக்குப் படிப்படியாகப் பங்குகளை விற்றார் பெஸ்ஸி. ஆனாலும் 1972-ல் ஓய்வுபெறும்வரை நிர்வாகம் அவரிடம்தான் இருந்தது. பல விஸ்கிகளைக் கலந்து விற்பதே வாடிக்கையாக இருந்த காலத்தில், ஒரே ஆலையில் தயாராகும் சிங்கிள் மால்ட்டுக்கு எதிர்காலம் உண்டு என்று நம்பியவர் அவர். இன்று ஆலை ஜப்பானின் சன்டோரி குழுமத்தின் வசம் இருக்கிறது.

புகை எங்கிருந்து வருகிறது?

நம் வீடுகளில் பயறை முளைகட்டுவது போலத்தான் முதல் வேலையும். பார்லியை ஊறவைத்து, அகலமான தளத்தில் பரப்பி, ஆட்கள் அவ்வப்போது கிளறிவிடுகிறார்கள். இப்படித் தரையில் முளைகட்டும் பழைய முறையைக் கைவிடாத ஆலைகள் ஸ்காட்லாந்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. லஃப்ராய்க்கும் தன் தேவையில் ஒரு பகுதியை மட்டுமே இப்படித் தயாரிக்கிறது. மீதி, வெளியிலிருந்து வருகிறது.

முளைத்த பார்லியைச் சூளையில் காயவைக்கும்போதுதான் புகை ஏறுகிறது. எரிபொருள், 'பீட்' எனப்படும் கரிய சதுப்பு மண். பாசியும் புல்லும் தண்ணீரில் முழுசாக மக்காமல் பல்லாயிரம் ஆண்டுகள் படிந்து உருவானது. மரங்கள் குறைவான இந்தத் தீவில் வீட்டு அடுப்புக்கும் ஒரு காலத்தில் இதுதான் விறகு.

பிறகு பார்லியை உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து இனிப்பான சாறு எடுக்கிறார்கள். ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவைத்து, செம்புக் கொதிகலன்களில் இரண்டு முறை காய்ச்சி வடிக்கிறார்கள். முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கிவிட்டு, நடுப்பகுதி மட்டுமே பீப்பாய்க்குப் போகிறது.

அந்தப் பீப்பாய்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே போர்பன் விஸ்கிக்குப் புது ஓக் பீப்பாயைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது சட்டம். ஒருமுறை பயன்படுத்தியது ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறிவிடுகிறது. குறைந்தது 3 ஆண்டுகள் ஓக் பீப்பாயில் இருந்தால்தான் ஸ்காட்ச் என்ற பெயரே கிடைக்கும். இந்தக் காத்திருப்பில் ஆண்டுக்குச் சுமார் 2% ஆவியாகிப் போய்விடுகிறது. அதற்கு 'தேவதைகளின் பங்கு' என்று பெயர்!

ஒரு சதுர அடி நிலம்

1994 முதல், வாடிக்கையாளர்களுக்கு ஆலையின் அருகே ஒரு சதுர அடி நிலம் ஆயுள் குத்தகைக்குக் கொடுக்கப்படுகிறது. நேரில் வருபவர்கள் தங்கள் நாட்டுக் கொடியை அங்கே நட்டுவைக்கலாம். ஆலை அவர்களுக்குத் தரும் ஆண்டு வாடகை, ஒரு சிறு கோப்பை விஸ்கி. அதே 1994-ல் இங்கு வந்தார், அப்போது இளவரசராக இருந்த மன்னர் சார்லஸ். அவர் ஓட்டிவந்த விமானம் ஐலா ஓடுபாதையைத் தாண்டிப் போய் நின்றது தனிக்கதை.

மண் தீர்ந்தால்?

பீட் மண் ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வளர்கிறது. ஒரு மீட்டர் வெட்டினால், அதை ஈடுகட்ட ஆயிரம் ஆண்டுகள் ஆகும். அதோடு, இந்தச் சதுப்பு நிலங்கள் கரியைப் பூமிக்குள் பூட்டிவைத்திருக்கும் பெட்டகங்கள். வெட்டினால் அது காற்றில் கலக்கும். தோட்டக்கலைக்காக வெட்டப்படுவதோடு ஒப்பிட்டால் விஸ்கிக்கான அளவு மிகக் குறைவு. ஆனாலும், குறைந்த பீட்டில் அதே மணத்தைக் கொண்டுவருவது எப்படி, வெட்டிய சதுப்பு நிலத்தை மீட்பது எப்படி என்ற கேள்விகள் விஸ்கித் தொழிலின் முன்னால் நிற்கின்றன.

மேக்கியால் கொதிகலனைப் படியெடுக்க முடிந்தது, ஆட்களை இழுக்க முடிந்தது, சுவையை எடுத்துச்செல்ல முடியவில்லை. அந்தச் சுவையில் பாதி, இந்தத் தீவின் மண்ணிலிருந்து எழும் புகை. 200 ஆண்டுகளைத் தாண்டிய ஆலை இனியும் நிலைக்க வேண்டுமென்றால், அந்த மண் நிலைக்க வேண்டும்.

*(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.)*