இரண்டாவது ஒயர்

கீழப்பழுவூர் தாண்டி ஒரு சிமெண்ட் லாரியை முந்தலாம் என்று ஆக்சிலேட்டரை அழுத்தியபோதுதான் முதலில் தெரிந்தது. வண்டி இழுக்கவில்லை. பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்து இழுத்து விடுவதுபோல ஒரு குலுக்கல். லாரி போய்விட்டது. அது கிளப்பிய வெள்ளைப் புழுதிக்குள் நான் பின்தங்கிவிட்டேன்.

என்னுடையது பழைய மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. 796 சிசி, மூன்றே சிலிண்டர். அதில் ஒன்று அடிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்கு பலம் போயிற்று.

அரியலூரில் வண்டிக்கு என்ன வந்தாலும் முதல் பழி புழுதிமேல்தான் விழும். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் இரவு பகலாக ஓடும் லாரிகளும் உள்ள ஊரில் அது இயல்பு. முதலில் விட்ட பட்டறையிலும் அதையே சொன்னார்கள். ஏர் ஃபில்டரை மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழுவினார்கள், மூன்று பிளக்கையும் புதிதாகப் போட்டார்கள். பழைய ஃபில்டரைத் தரையில் தட்டியபோது அரிசி மாவுபோலக் கொட்டியது உண்மைதான். கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் கடல் சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தச் சிப்பிகளின் ஓடுதான் பொடியாகி என் வண்டியின் மூச்சை அடைக்கிறது என்று நினைத்தபோது கோபம்கூட வரவில்லை.

ஆனால் குற்றம் அதனுடையது இல்லை. பத்தே நாளில் பழைய குலுக்கல் திரும்பி வந்தது. இப்போது சும்மா நிற்கும்போதும் வண்டி நடுங்கியது.

செந்துறை சாலையில் புளியமரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அறுபதைத் தாண்டியவர். பானெட்டைத் திறக்கவே இல்லை.

“காலைல அதிகமா இருக்கா, மத்தியானத்துலயா தம்பி?”

“காலைலதான் அண்ணே. மார்கழி பிறந்ததுலேருந்து ரொம்ப மோசம்.”

சைலன்சருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையைக் காட்டினார். என்னையும் காட்டச் சொன்னார். புகை சீராக வரவில்லை. பொத் பொத்தென்று இரண்டு அடி, பிறகு ஒரு வெறுமை. பச்சைப் பெட்ரோல் வாடை. “ரெண்டு பிளக்குலதான் ஓடுது” என்றார்.

அதன்பிறகுதான் பானெட். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ரப்பர் பிடி போட்ட குறடால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதல் ஒயரைக் கழற்றியதும் என்ஜின் தள்ளாடியது. மூன்றாவதைக் கழற்றியபோதும் அப்படியே. இரண்டாவதை எடுத்தார். ஒரு மாற்றமும் இல்லை. ஏற்கெனவே வேலை செய்யாத ஒன்றைப் பிடுங்கினால் என்ன மாறும்? குறை எங்கே என்பது அந்த நொடியில் தெரிந்துவிட்டது. எதனால் என்பதுதான் தெரியவில்லை.

இரண்டாவது பிளக் கறுத்து ஈரமாக இருந்தது. அதைத் துடைத்து மூன்றாவதன் இடத்திலும், மூன்றாவதை இரண்டாவதன் இடத்திலும் போட்டார். குறை இடம் மாறவில்லை. அப்படியானால் பிளக் நிரபராதி. என்னை உட்காரச் சொன்னார். “இருட்டட்டும், பாத்துக்கலாம்.”

பொழுது சாய்ந்தது. வண்டியைத் தெரு விளக்குப் படாத ஓரத்தில் நிறுத்தி ஸ்டார்ட் செய்தார். இரண்டாவது ஒயர் என்ஜின் மூடியின்மேல் உரசிக்கொண்டிருந்த இடத்தில், மயிரிழை அளவுக்கு ஒரு நீலப்பொறி. டிக், டிக், டிக். சும்மா ஓடும்போது என்ஜின் நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றினால் ஒவ்வொரு பிளக்கும் 450 முறை பொறி விட வேண்டும். பிளக்குக்குப் போக வேண்டிய பல்லாயிரம் வோல்ட், கண்ணுக்குத் தெரியாத அந்த வெடிப்பின் வழியே இரும்பில் இறங்கிக்கொண்டிருந்தது.

எல்லாம் பிறகுதான் எனக்குப் பொருந்தி வந்தது. லாரியை முந்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பிளக்கின் இடைவெளியைத் தாண்ட மின்சாரம் அதிகம் திணற வேண்டும். அப்போது அது சுலபமான வழியைத் தேடுகிறது. பனி ஈரம் அந்த வழியை இன்னும் சுலபமாக்குகிறது. அவர் காலையா மத்தியானமா என்று கேட்ட கேள்வியிலேயே பாதி நோய் பிடிபட்டிருந்தது. முதல் பட்டறையில் யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் ஒயர் செட் மாற்றியதும் வண்டி பழைய குரலுக்கு வந்தது. புது ஒயர் மூடியில் உரசாதபடி கிளிப் போட்டுக் கட்டினார். அந்தக் கிளிப்பை மாட்டுவதில் அவர் காட்டிய பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன். அது இல்லாவிட்டால் புது ஒயரும் அதே இடத்தில்தான் தேய்ந்திருக்கும்.

இன்றைய பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும், பொறிக்கு மின்சாரம் தரும் தனித்தனி காயில். ஸ்கேனரை மாட்டினால் எந்த சிலிண்டர் என்று எண்ணே வந்துவிடும். பி0302 என்றால் இரண்டாவது. ஆனால் எதனால் என்பதை அந்த எண் சொல்லாது. காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். குறையும் கூடவே போனால் காயில்தான் கெட்டிருக்கிறது, போகாவிட்டால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். புளியமரத்தடியில் நடந்ததும் இதேதான்.

வண்டியைப் பட்டறையில் விடும்போது, எந்தப் பாகத்தையும் மாற்றும் முன் எந்த சிலிண்டர் என்று கேளுங்கள், கழற்றிய பிளக்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே தீய்த்துவிடும். அதை மாற்றும் செலவு ஓர் ஒயரின் செலவு இல்லை.