பார்ப்பதற்கு ஒரு மீன், பிடிப்பதற்கு ஒரு மீன்

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் "எங்கே போவோம்?" என்ற கேள்வி எல்லா வீடுகளிலும் எழும். நுவரெலியா, பேராதனைப் பூங்கா, காலிக் கடற்கரை என்று பட்டியல் நீளும். இம்முறை மாத்தளைப் பக்கம் திரும்புங்கள் சகோதரிகளே! பிள்ளைகளுக்காக ஒரு தூண்டிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். இரண்டையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மாத்தளை நகரிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்குச் சுமார் 30 கிலோமீற்றர். மிளகும் கராம்பும் மணக்கும் தோட்டங்களைத் தாண்டியதும் பாதை வளைந்து வளைந்து மேலேறும். பிறகு தேயிலை, அதற்கும் மேலே காடு. உச்சிக்கு வந்தால் வீசும் காற்றில் முந்தானையைப் பிடிப்பதா, பிள்ளையைப் பிடிப்பதா என்று ஆகிவிடும்! சற்று முன் தெரிந்த தொலைத்தொடர்புக் கோபுரத்தை மறுநிமிடம் மூடுபனி மறைத்துவிடும்.

இந்த மலைகளுக்கு நக்கிள்ஸ் என்று ஆங்கிலேயர் ஏன் பெயர் வைத்தார்கள் தெரியுமா? கையை முஷ்டியாக மடக்கினால் விரல் மொளிகள் வரிசையாகத் தெரியும் அல்லவா? தூரத்திலிருந்து பார்த்தால் மலைச் சிகரங்களும் அப்படித்தான் தெரியும். பிள்ளையின் கையையே மடக்கிக் காட்டுங்கள், பெயர் மறக்காது. சிங்கள மக்கள் இதைத் தும்பறை மலை என்பார்கள்.

ரிவர்ஸ்டனைக் கடந்து மறுபுறம் இறங்கினால் பிட்டவல பத்தனைப் புல்வெளி வரும். அதன் விளிம்பில் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கும் இடத்துக்குச் 'சின்ன உலக முடிவு' என்று பெயர். இன்னும் கீழே இலுக்கும்புர கிராமமும் தெல்கமு ஓயாவும் இருக்கின்றன. கண்ணாடி போன்ற தண்ணீர், அடியில் உருண்டைக் கற்கள், அவற்றினிடையே மீன்கள். இதைக் கண்டதும் எந்தப் பிள்ளையும் "தூண்டிலைத் தாங்க!" என்றுதான் கேட்கும்.

இங்கே தூண்டில் வெளியே வரக் கூடாது. 2000ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் யுனெஸ்கோ அமைப்பு இதை இலங்கையின் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையில் சேர்த்தது. இந்த வனத்தில் மீன் பிடிப்பது சட்டப்படி குற்றம்.

சட்டத்தை விடுங்கள், காரணத்தைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். தும்பற பெத்தியா என்றொரு சிறு மீன் இருக்கிறது. 1991ஆம் ஆண்டில்தான் விஞ்ஞானிகள் அதைத் தனி இனமாக அடையாளம் கண்டு பெயரிட்டார்கள். அம்பன் கங்கையும் அதில் வந்து சேரும் ஓடைகளும்தான் அதன் உலகம். கடேயா என்ற இன்னொரு மீன், வேகமாக ஓடும் நீரில் பாறைகளிலுள்ள பாசியை மேய்ந்து வாழ்கிறது. அதுவும் மகாவலி ஆற்றைச் சேர்ந்த நீரோடைகளைத் தவிர வேறெங்கும் இல்லை. இங்கே அழிந்தால் உலகத்திலேயே அழிந்ததாகிவிடும். இதைக் கேட்டபின் ஒரு பிள்ளை அந்த ஓடையைப் பார்க்கும் பார்வையே வேறு. ஒரு கல்லில் அமைதியாக உட்கார வையுங்கள். நிழல் அசையாமல் இருந்தால் மீன்கள் தாமாகவே வெளியே வரும்.

அப்படியானால் தூண்டிலை எங்கே போடுவது? மாத்தளை மாவட்டத்தின் மற்றப் பாதிக்கு வாருங்கள். மாத்தளையிலிருந்து தம்புள்ளைப் பாதையில் நாவுலையைத் தாண்டினால் வறண்ட வலயம். அங்கே குளங்களும், பண்ணைகளில் வெட்டிய சிறு குளங்களும் உண்டு. வளர்ப்பதற்கென்றே அவற்றில் மீன்குஞ்சுகளை விடுகிறார்கள். இதற்காகத் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை 1999இல் அமைக்கப்பட்டது. அதன் நிலையமொன்று தம்புள்ளையிலேயே இருக்கிறது. மாரி மழையில் நிறையும் சிறு குளத்தில் குஞ்சுகளை விட்டு, கோடையில் நீர் வற்றும்போது அறுவடை செய்வது இங்குள்ள வழக்கம்.

இக்குளங்களில் தூண்டிலில் அதிகம் சிக்குவது திலாப்பியா. ஆபிரிக்காவைச் சேர்ந்த இது 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று கிராமத்து ஏழைகளின் கறிச்சட்டியில் இதற்குப் பெரிய இடம் உண்டு. பண்ணைக்காரரிடம் அனுமதி கேட்டுப் பிடித்தால் யாருக்கும் நட்டமில்லை.

விலையுயர்ந்த தூண்டில் எதுவும் வேண்டாம். மெல்லிய மூங்கில் கம்பு, நரம்பு நூல், சிறு முள், மிதக்க ஒரு தக்கை போதும். மண்புழுவைத் தொடப் பிள்ளை அருவருத்தால் பாணைத் தண்ணீரில் பிசைந்து சிறு உருண்டையாக முள்ளில் வைக்கலாம். அதன்பின் காத்திருக்க வேண்டும். பொறுமையைப் பிள்ளைக்கு வாயால் எவ்வளவு சொன்னாலும் ஏறாது. தக்கை அசையும்வரை காத்திருந்தால் தானாக ஏறும்.

நாவுலைப் பக்கத்துப் பண்ணைக் குளமொன்றில் ஒரு வாப்பாவும் மகளும் தூண்டில் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பிள்ளைக்கு எட்டு வயதிருக்கும். கரையோரத்தில் ஒரு மீனின் தலையைச் சுற்றிப் பொடிக் குஞ்சுகள் மொய்த்தன. பிள்ளையின் நிழல் விழுந்ததுதான் தாமதம், அத்தனையும் அந்த மீனின் வாய்க்குள் புகுந்து மறைந்தன!

"குஞ்சுகளைத் தின்னுதா வாப்பா?"

"இல்ல மகள், அதுதான் உம்மா மீன். வாய்க்குள்ள வச்சுக் காப்பாத்துது."

உண்மைதான். பெண் திலாப்பியா முட்டைகளை வாயிலேயே வைத்துக் குஞ்சு பொரிக்கும். அந்த நாட்களில் அது அநேகமாக இரையும் எடுப்பதில்லை. பிள்ளை கொஞ்சம் யோசித்தது. "அப்ப நாங்க மற்றப் பக்கம் போவோம் வாப்பா" என்று தானே தூண்டிலைச் சுருட்டிக்கொண்டது. எந்தப் புத்தகம் இதைக் கற்றுக்கொடுக்கும், சொல்லுங்கள்!

தூண்டில் வாப்பாவுக்கும் மகனுக்கும் மட்டும் உரியது என்று நினைத்துச் சாப்பாட்டுக் கூடையோடு மரநிழலில் ஒதுங்கிவிடாதீர்கள். நீங்களும் ஒரு கம்பைப் பிடியுங்கள், மகளையும் பக்கத்தில் இருத்துங்கள். வீட்டில் கேட்கக் கிடைக்காத எத்தனையோ கதைகள் அந்தக் கரையில் பிள்ளையின் வாயிலிருந்து வரும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. மலையில் மழை பெய்தால் தெல்கமு ஓயா திடீரெனப் பெருகும். வானம் இருண்டால் உடனே கரையேறுங்கள். பாசிக் கற்கள் வழுக்கும். பண்ணைக் குளத்தின் கரை செங்குத்தாகவும் சேறாகவும் இருக்கும், ஆகவே சின்னப் பிள்ளை எப்போதும் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கட்டும். புல்வெளியில் அட்டைக்குக் கொஞ்சம் உப்பு வைத்துக்கொள்ளுங்கள். மாரி காலத்தில் மண்சரிவு அபாயம் உண்டு. புறப்படுமுன் பாதை நிலைமையை விசாரியுங்கள்.

மிக முக்கியமான ஒன்று: பிடித்த திலாப்பியாவையோ வீட்டுத் தொட்டி மீனையோ, "பாவம், பிழைக்கட்டும்" என்று மலை ஓடையில் விடப் பிள்ளைகளை அனுமதிக்காதீர்கள். அது பெருகினால் அங்குள்ள மீன்களின் இரையையும் இடத்தையும் பறித்துவிடும். அந்த இரக்கம் அங்கே கேடாக முடியும்.

கிடைத்ததை ஒருவேளைக் கறிக்கு அளவாக எடுத்துக்கொண்டு மீதியை அதே குளத்தில் விட்டுவிடுங்கள். குளத்து மீனுக்குச் சேற்று வாடை இருக்கும். உப்பும் தேசிக்காயும் தேய்த்துக் கழுவி, மிளகும் கொறக்காவும் சேர்த்து ஆக்கினால் வாடை போய்விடும். தான் பிடித்த மீனை எந்தப் பிள்ளையும் "வேண்டாம்" என்று ஒதுக்காது. சாப்பிடும்போது, அன்று ஓடையில் பார்த்துவிட்டு வந்த மீன்களைப் பற்றியும் கேளுங்கள். எடுக்க வேண்டியதை எடுக்கவும், விட வேண்டியதை விடவும் ஒரே பயணத்தில் பழகிய பிள்ளை நிறையச் சொல்லும்.