இடாப்பில் இருக்கும் பிள்ளைகள்

யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்தவள் நான். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டு வெளியேறும்படி விடுதலைப் புலிகள் எங்களுக்குக் கட்டளையிட்டபோது பத்தாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன். மிச்சப் படிப்பெல்லாம் புத்தளத்தில், கிடுகுக் கொட்டிலில். அங்கேயே ஆசிரியையானேன். 2009இல் யுத்தம் முடிந்து சில வருடங்களில் மாற்றலாகி ஊருக்கு வந்தேன். இப்போது பிரதி அதிபர். அனுதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை, சகோதரிகளே! சொல்ல வந்த விஷயத்துக்கு இது தேவைப்படுகிறது.

எங்கள் நாட்டில் பாடசாலையை நடத்துகிறவர்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி கொடுக்கிறார்கள். தேசிய கல்வி நிறுவகத்துக்கு இதற்கென்றே மீப்பேயில் ஒரு நிலையம் உண்டு. வலய மட்டத்திலும் செயலமர்வுகள் நடக்கும். அப்படியொன்றுக்கு நானும் போயிருந்தேன். கடைசி நாள் ஆளுக்கொரு தாளைத் தந்து, "வருகிற வருடத்துக்கு உங்கள் முன்னேற்ற இலக்குகள் மூன்றை எழுதுங்கள்" என்றார் வளவாளர்.

பக்கத்தில் இருந்த அதிபர் ஒருவர் தயங்காமல் எழுதினார்: "சாதாரண தரத்தில் நூறு வீதம் சித்தி."

வளவாளர் எட்டிப் பார்த்தார். "நல்லது சேர். இதுக்கு நாளைக்குக் காலமை நீங்கள் என்ன செய்வீங்கள்?"

அவர் சிரித்துச் சமாளித்தார். ஆனால் அந்தக் கேள்வி என் மனதில் தங்கிவிட்டது. நூறு வீதம் என்பது பிள்ளைகள் எடுக்க வேண்டிய புள்ளி. அதிபர் செய்ய வேண்டிய வேலை அதில் எங்கே இருக்கிறது? தலைமைத்துவத்துக்கு இலக்கு என்றால் தலைவர் தன் கையாலே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். செய்தாயா இல்லையா என்று மற்றொருவர் கேட்டால் ஆம், இல்லை என்று சொல்லக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

2006இல் பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் வந்த நாளிலிருந்து திட்டம் எழுதுவதற்கு எங்களிடம் குறைவே இல்லை. ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று, வருடாந்த அமுலாக்கத் திட்டம் ஒன்று. பெற்றோரும் பழைய மாணவரும் ஆசிரியரும் அபிவிருத்திக் குழுவில் உட்கார்ந்து கலந்து பேசி எழுத வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அருமையான நோக்கம். ஆனால் போன வருடத் திட்டத்தில் வருடத்தை மட்டும் மாற்றி எழுதி அலுமாரியில் வைக்கிற வழக்கமும் நாட்டில் இல்லாமல் இல்லை!

நான் தாளில் எழுதுமுன் வரவு இடாப்பை நினைத்துப் பார்த்தேன். மீள வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு இரண்டு ஊர், இரண்டு வீடு. வாப்பாவுக்குத் தொழில் யாழ்ப்பாணத்தில், சொந்தபந்தம் எல்லாம் புத்தளத்தில். முஸ்லிம் பாடசாலைகளுக்கு றமழானில் விடுமுறை. பெருநாள் முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்போது வகுப்பில் பாதி வாங்கு வெறுமையாகக் கிடக்கும். பெயர் இடாப்பில் இருக்கும், பிள்ளை இராது.

ஒரு தாயிடம் கேட்டேன். "டீச்சர், கலியாணத்துக்கெண்டு போனோம். போன இடத்துல மாமிக்குச் சுகமில்லாமப் போச்சு. புள்ளைய மட்டும் எப்படி அனுப்புறது?" என்றார். அவர் மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. அகதி வாழ்க்கையில் பிறந்து வளர்ந்த தாய்க்கு எந்த ஊர் சொந்த ஊர் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் மூன்று கிழமை வராத பிள்ளைக்குப் பின்னக் கணக்கு போய்விடுகிறதே! திரும்பி வந்தால் ஒன்றும் விளங்காது. விளங்காத பிள்ளை அடுத்த முறை போனால் வரவே மாட்டாது.

ஆகவே என் முதலாவது இலக்கு இது: ஒரு பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் நாலாம் நாள் நானே வீட்டுக்குப் பேசுவேன், புத்தளத்தில் நிற்கிற பிள்ளைக்கு அந்தக் கிழமைப் பாடத்தை அனுப்பி வைப்பேன். இரண்டாவது, கிழமைக்கு இரண்டு வகுப்பில் பின்வாங்கில் உட்கார்ந்து கவனிப்பேன், கையில் குறிப்புக் கொப்பி இல்லாமல். கொப்பியைக் கண்டால் இளம் ஆசிரியைகளுக்குக் குரலே எழும்பாது. மூன்றாவது, நேரசூசி போடுகிற வேலையை ஓர் ஆசிரியைக்குப் பழக்கிக் கொடுப்பேன். ஒரே ஆளைப் பிடித்துத் தொங்குகிற பள்ளிக்கூடம் அந்த ஆள் மாற்றலாகிப் போன அன்றே விழுந்துவிடும்.

இந்த இடத்தில் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களை நினைக்கிறேன். 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்து, 1935இல் இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம். 1948இல் அந்தப் பெரிய உத்தியோகத்தை விட்டுவிட்டுக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரிக்கு அதிபராகப் போய் 1961 வரை இருந்தார். அதிபராவதற்கு மூன்று வருடம் முன்பே, 1945இல், முஸ்லிம் மாணவர்களுக்காகப் புலமைப்பரிசில் நிதியத்தைத் தொடங்கிவிட்டார். கெட்டிக்காரப் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் முதலில் கை வைத்தார் என்றே எனக்குப் படுகிறது.

என் இலக்குகள் எப்படிப் போயின? முதலாவதுக்கு நல்ல பலன். தொலைபேசியில் பேசத் தொடங்கிய பின், போகுமுன் பள்ளிக்கூடத்துக்கு வந்து சொல்லிவிட்டுப் போகிற உம்மாமார் வந்திருக்கிறார்கள். இரண்டாவது பாதியில் நின்றது. ஆசிரியர் லீவு எடுத்தால் அந்த வகுப்புக்கு நான்தான் போக வேண்டும். அதைக் கிழமைக்கு ஒன்று என்று திருத்தினேன். நேரசூசியை இப்போது அந்த ஆசிரியைதான் போடுகிறார். எனக்குக் கிடைக்கிற பாடவேளைகள் முன்னைவிட வசதிக் குறைவு என்பது வேறு கதை.

அடுத்த வருட இலக்கு இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது. சாதாரண தரம் எழுதிய பெண் பிள்ளைகளை, பெறுபேறு வருமுன்னே புத்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். உயர்தரம் படிக்க வந்தவர்களை எண்ண ஒரு கை விரல் போதும். இதைப் பற்றி உம்மாமாரோடு பேச ஒரு கூட்டம் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகா, சனிக்கிழமை காலையிலா வசதி என்று அவர்களிடமே கேட்டுவிட்டிருக்கிறேன். இதுவரை ஏழு பேர் சனிக்கிழமை என்றார்கள்.